எத்தனை வீதம் என்று கேட்கும் மகனுக்கு

தம்பி,

உன் அறையில் ஓடிக்கொண்டிருந்த கணினியை இன்று காலை நிறுத்திவிட்டேன். சட்டென்று சுவிட்சை அணைத்து நிறுத்தவில்லை. நீ சொல்லித் தந்தபடியே திரையில் அழுத்த வேண்டியதை அழுத்தி, அது அடங்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகுதான் வயரைக் கழற்றினேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியாததா? அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்க முன்னர் இதை வாசித்திருக்க வேண்டும். வாசித்த பிறகும் நீ அழைப்பாயா என்பதுதான் இப்போது எனக்குள்ள பயம்.

அம்மா இருந்த காலத்தில் இந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. நீ நோர்வேயிலிருந்து அழைப்பாய். சில நேரம் நான்தான் முதலில் போனை எடுப்பேன். "என்ன தம்பி, சுகமோ?" என்று கேட்பேன். "ஓம் அப்பா, நீங்கள்?" என்பாய். "ஓம், இருக்கிறன். இந்தா, அம்மாவோட கதை" என்று குசினிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அவா கறியைக் கிண்டிக்கொண்டே உன்னோடு கதைப்பா. நான் விறாந்தையில் கதிரையில் இருந்து அவா சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். போனை வைத்த பிறகு "என்னவாம்?" என்று கேட்பேன். நீ சொன்னதையெல்லாம் அவா எனக்குச் சுருக்கிச் சொல்லுவா. நான் கேட்க நினைத்ததையும் நான் கேட்காமலே உன்னிடம் கேட்டு வைத்திருப்பா. இப்படித்தான் அத்தனை வருடமும் நீயும் நானும் கதைத்தோம். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அவா போனது உனக்கும் எனக்கும் ஒரே மாதிரி எதிர்பாராதது. நீ வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தோம், நீ கொள்ளி வைத்தாய். மருமகள் ஆரணிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, நீ மட்டும்தான் வந்தாய். ஊர்ச்சனம் வந்துபோன நாட்கள் எப்படியோ கழிந்தன. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து சனம் குறைந்த பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் இந்த வட்டக்கச்சி வீட்டில் நீயும் நானும் மட்டும்தான். பக்கத்துப் பூமணி வீட்டிலிருந்து சாப்பாடு வரும். இருவரும் சாப்பிடுவோம். நீ உன் போனைப் பார்ப்பாய், நான் முற்றத்தைப் பார்ப்பேன். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ அப்பா?" என்று நீ கேட்பாய். அன்றைய கதை அவ்வளவுதான். உனக்கும் அது பாரமாக இருந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்த உன் பழைய கணினியை இறக்கித் துடைத்து, கிளிநொச்சிக்குப் போய் என்னவோ சாமான் வாங்கி வந்து பூட்டி, இரண்டு நாள் அதோடு மினைக்கெட்டாய்.

நீ வெளிக்கிடுவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாய். "அப்பா, இதை நிப்பாட்டாமல் ஓட விடுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து எத்தனை வீதம் முடிஞ்சுது எண்டு கேப்பன், இதில நிக்கிற நம்பரைச் சொன்னால் காணும்."

"என்ன செய்யுது இது?"

"ஒரு பெரிய எண்ணைச் சோதிக்குது. முதன்மை எண்ணோ இல்லையோ எண்டு."

"கண்டுபிடிச்சால் என்ன கிடைக்கும்?"

நீ சிரித்தாய். அம்மா போன பிறகு அன்றுதான் உன் சிரிப்பைக் கண்டேன். "ஒண்டும் கிடைக்காது அப்பா. உலகம் முழுக்க என்னைப்போல ஆக்கள் கொஞ்சப் பேர் தேடுறம். ஆளுக்கு ஒரு எண். இந்த ஒண்டு மட்டும்தான் இதுக்குள்ள போட்டிருக்கிறன். முடிஞ்சால் நிப்பாட்டி விடுங்கோ, வீணாய்க் கரண்ட் பில் வரும்."

பரந்தன் சந்தியில் உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தேன். பஸ் வர நேரமானது. ஆனையிறவுப் பக்கமிருந்து உப்புக்காற்று முகத்தில் அடித்தது. உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் "பாஸ்போட் வைச்சிருக்கிறியோ?" என்பதுதான் வந்தது. ஓம் என்றாய். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் கேட்டேன். நீ எரிந்து விழவில்லை, பையைத் திறந்து எடுத்துக் காட்டினாய். பஸ் போன பிறகு அந்த வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதித் தூரம் நடந்தே வந்தேன். ஏறி மிதிக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. "அப்பா, எத்தனை வீதம்?" என்று கேட்பாய். நான் முன்கூட்டியே திரையைப் பார்த்துவந்து சொல்லுவேன். "மூண்டு தசம் ஏழு." "நல்லது." பிறகு என்ன? கொடுப்பதற்கு அம்மா இல்லை. வைத்துவிடுவோம். ஆனால் நான்கைந்து வாரம் போக, அந்த எண்ணைப் பற்றி ஏதாவது கேட்டால் நீ வைக்காமல் கதைக்கிறாய் என்பதைக் கவனித்தேன். சும்மா கதை இல்லை, அம்மாவோடு கதைக்கிற மாதிரிக் கதை. உன் குரல் மாறிவிடும். அதிலிருந்து, திங்கள் முதல் சனி வரை வயலில் நின்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கேள்வி தயாரிப்பதுதான் என் வேலை.

அந்த எண் எவ்வளவு பெரிது என்று ஒருநாள் கேட்டேன். இரண்டை இரண்டால் பெருக்கி, அதைத் திரும்ப இரண்டால் பெருக்கி, இப்படிக் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருவது என்றாய். எழுதினால் இரண்டரைக் கோடி இலக்கம் வரும் என்றாய். நான் அதை என் வழியில் கணக்குப் பார்த்தேன். ஒரு நெல்மணிக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் கிட்டத்தட்ட பத்து மூட்டை நெல் வேண்டும். பத்து மூட்டையையும் கொட்டி ஒழுங்காக அடுக்கினால் அது ஒரேயொரு எண். அதை அடுத்த கிழமை சொன்னபோது நீ அங்கே ஆரணியைக் கூப்பிட்டு, "இஞ்ச வாரும், அப்பா என்ன சொல்லுறார் எண்டு கேளும்" என்றாய். அன்று பின்னேரம் முழுக்க நான் நல்ல சந்தோசத்தில் இருந்தேன்.

முதன்மை எண் என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் எனக்கும் படிப்பித்தார்கள்தான். ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண். மனப்பாடம் பண்ணியிருந்தேனே தவிர, விளங்கியது எங்கள் வாய்க்காலில்தான். நம்முடைய வாய்க்காலில் பதின்மூன்று காணி. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். பன்னிரண்டு காணி என்றால் இரண்டிரண்டாகப் பிரிக்கலாம், மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் பிரிக்கலாம், சண்டை வராது. பதின்மூன்றை அதே மாதிரி எப்படிப் பிரித்தாலும் ஒரு காணி மிஞ்சும். மிஞ்சுகிற காணிக்கு மற்றவர்கள் எல்லாம் முடித்த பிறகு உச்சி வெயிலில் தனிமுறை. வாய்க்காலின் வால்பக்கம் என்பதால் அது எப்போதும் நமது காணிதான். மற்றவர்கள் சோடியாக நின்று கதைத்துக்கொண்டு மடை மாற்றுவார்கள், நான் மட்டும் தனியாக நிற்பேன். அம்மா சாப்பாடு கொண்டுவந்து வரம்பில் இருப்பா, அதனால் அது தனியாகத் தெரிந்ததில்லை. அவா இல்லாத போன சிறுபோக வெள்ளாமையில்தான் தெரிந்தது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொன்னேன். "ஓம் அப்பா, அதுதான் முதன்மை எண்" என்று மட்டும் சொன்னாய்.

சித்திரை இடிமுழக்கம் நினைவிருக்கிறதா? நமது பக்கத்தில் முதல் இடி கேட்டதும் கை தானாக வயரைக் கழற்றப் போகும். ரீவி வயர், பிரிஜ் வயர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் மழையைப் பார்க்கவே வருவோம். அன்றும் நான் ஓடிப்போய் உன் அறை வயரையும் இழுத்துவிட்டேன். இழுத்த பிறகுதான் ஐயோ என்றிருந்தது. அத்தனை கிழமையாக ஓடிய கணக்கெல்லாம் என் ஒரு கையால் போய்விட்டதே என்று அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திக்குமுக்காடி உன்னிடம் சொன்னேன். "ஒண்டும் போகேல்லை அப்பா. அது தானாய்ச் சேமிச்சு வைக்கும். திரும்பப் போட்டால் விட்ட இடத்திலயிருந்து தொடங்கும்" என்றாய். போட்டேன், தொடங்கியது. அதற்குப் பிறகு மழைக் காலத்தில் அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, வானம் இருட்டினால் காவலிருக்கத் தொடங்கினேன். மழை இல்லாத நாளிலும் அந்தக் கதிரை அங்கேயே நின்றுவிட்டது. தேநீரை அங்கே கொண்டுபோய்க் குடிப்பேன். கணினிக்குள் இருக்கும் விசிறி ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். கதவைச் சாத்திவிட்டு மற்ற அறையில் இருந்தால், உன் அறையில் யாரோ இருப்பது போலவே இருக்கும்.

எப்படிச் சோதிக்கிறது என்று கேட்டதற்கு, சின்ன எண்ணொன்றை வைத்துக் கையால் செய்து பார்க்கச் சொன்னாய். நீ எடுத்த எண் முப்பத்தொன்று. நீ வேண்டுமென்று எடுத்தாயோ தெரியாது, எனக்கு அம்மாவின் அந்தியேட்டிதான் நினைவு வந்தது. நாலில் தொடங்கச் சொன்னாய். நாலை நாலால் பெருக்கி இரண்டைக் கழித்தால் பதினான்கு. பதினான்கைப் பதினான்கால் பெருக்கி இரண்டைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அதை முப்பத்தொன்றால் வகுத்தால் மீதி எட்டு. எட்டை எட்டால் பெருக்கி இரண்டைக் கழித்தால் அறுபத்திரண்டு. முப்பத்தொன்றால் வகுத்தேன். மீதி பூச்சியம். "அப்ப முதன்மை எண்" என்றாய். எங்கிருந்தோ தொடங்கி எங்கோ போய்ச் சரியாகப் பூச்சியத்தில் வந்து நின்றதைப் பார்க்க எனக்கு மெய்யாகவே புல்லரித்தது. உன் பெரிய எண்ணுக்கும் கணினி செய்வது இதேதானாம், கோடிக்கணக்கான தடவை. கடைசியில் பூச்சியம் வந்தால் முதன்மை எண், வேறு எது வந்தாலும் இல்லை.

"இல்லை எண்டு வந்தால், அதை எது வகுக்கும் எண்டு சொல்லுமோ?" என்று கேட்டேன்.

"சொல்லாது அப்பா. வகுபடும் எண்டு மட்டும் தெரியும். எதால எண்டு ஆருக்கும் தெரியாது."

எனக்கு அன்று கோபம் வந்துவிட்டது. "இது என்ன கதை, மொட்டையாய்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்குக் காரணம் விளங்கியிருக்காது. அம்மாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று டொக்டர்மார் எனக்குச் சொன்னதும் இதுதான். உள்ளே ஏதோ பிழை இருக்கிறது, என்னவென்று சொல்ல இன்னும் சோதிக்க வேண்டும் என்றார்கள். சோதிக்க முன்னரே அவா போய்விட்டா. அவர்களிலும் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என்னவென்று தெரியாமல் ஒரு ஆளைப் பறிகொடுத்தவனுக்கு உன் கணினியின் அந்தப் பதில் பிடிக்கவில்லை.

இடையில் பகிடியும் நடந்தது. ஆவணியில் பூமணியின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பழமும் பலகாரமும் கொண்டுபோக ஒன்பது தட்டம் அடுக்கிவைத்திருந்தார்கள். ஒற்றைப்படையாக இருந்தால் காணும் என்பதுதானே நமது ஆட்களின் கணக்கு. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒன்பது வேண்டாம், பதினொண்டாய் வையுங்கோ" என்றேன்.

"ஏன் அண்ணை? ஒன்பதும் ஒற்றைதானே" என்றாள் பூமணி.

"ஒற்றைதான். ஆனால் மூண்டால வகுபடும். பதினொண்டை ஒண்டும் வகுக்காது."

பெண்டுகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அக்கா போன பிறகு அண்ணைக்கு என்னவோ நடந்திட்டுது" என்று ஒருத்தி மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனாலும் பூமணி நல்லவள், வாழைப்பழத்தில் ஒன்றும் பலகாரத்தில் ஒன்றுமாகப் பிரித்து இன்னும் இரண்டு தட்டம் வைத்தாள். நீ இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை தட்டம் வேண்டுமானாலும் நான் கூட்டச் சொல்லியிருப்பேன்.

உனக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். சண்டைக்குப் பிறகு நாம் இருந்த செட்டிகுளம் முகாமில் கூடாரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டிருந்தார்களே, அப்போது. நீ காலையில் வெளிக்கிட்டால் தண்ணீர் வரிசைக்குக்கூட வரமாட்டாய். ஒருநாள் மத்தியானம் வரைக்கும் உன்னைக் காணவில்லை. அந்த இடத்தில் பிள்ளையைக் காணவில்லை என்றால் என்ன பயம் என்று இன்றைக்கு உனக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. தேடிப் பிடித்து, எல்லோரும் பார்க்க உனக்கு அடித்தேன். நீ அழுதுகொண்டே, "எங்கட கூடாரம் இருநூத்திப் பதினொண்டு அப்பா, அது முதன்மை எண்" என்றாய். ஒவ்வொரு கூடாரமாகப் போய், எது வகுபடும் எது வகுபடாது என்று பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். அம்மா என் கையைப் பிடித்து, "அடிக்காதேங்கோ. பிள்ளை எண்ணிக்கொண்டுதானே திரியுது. இஞ்ச வேற என்ன கிடக்கு?" என்றா. அவாவுக்கு அன்றே விளங்கியிருக்கிறது. எனக்கு விளங்க இவ்வளவு காலமும் ஒரு கணினியும் தேவைப்பட்டன.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகையில் ஒரு காலை, தேநீரோடு உன் அறைக்குப் போனேன். வாசலிலேயே வித்தியாசம் தெரிந்தது. விசிறியின் இரைச்சல் தணிந்திருந்தது. திரையில் வீதத்தைக் காணவில்லை, ஒரு வரி ஆங்கிலம் மட்டும் இருந்தது. கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதன்மை எண் இல்லை என்று எழுதியிருந்தது. கதிரையில் இருந்தேன். எனக்கு முதலில் வந்த கவலை எண்ணைப் பற்றியது இல்லை என்பதை உன்னிடம் ஒளிக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ எத்தனை வீதம் என்று கேட்பாய், முடிந்துவிட்டது என்று சொல்லுவேன், நீ சரி அப்பா என்பாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கேட்பாய்? அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை? 

நீ அழைத்தாய். "எத்தனை வீதம் அப்பா?"

"தொண்ணூற்றெட்டு தசம் ஒண்டு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அடுத்த கிழமை தசம் இரண்டு என்றேன். அதற்கடுத்த கிழமை மழை, கரண்ட் இல்லை, அதே இடத்தில் நிற்கிறது என்றேன். தொண்ணூற்றெட்டுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் அதுவரை நினைத்ததில்லை. தசத்துக்குப் பின்னால் தசம் போட்டுக்கொண்டு சாகும்வரைக்கும் அதற்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது. நீயும் ஒன்றும் சந்தேகப்படவில்லை. "ஆறுதலா ஓடட்டும் அப்பா, அவசரமில்லை" என்றாய். ஒருநாள் மட்டும், "அப்பா, ஒண்டு கேக்கட்டோ?" என்றாய். கேள் என்றேன். "அங்க மழை பெய்யுதோ?" என்று கேட்டாய். பெய்கிறது என்றேன். மார்கழி முழுக்க இப்படியே போனது. தைப்பொங்கலுக்கும் அப்படித்தான்.

முந்தாநாள் ஆரணி போன் எடுத்தாள். நீ வேலைக்குப் போன நேரம். அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அங்கே என்னென்ன சமைத்துப் படைப்பது என்று கேட்டாள். அம்மாவுக்குப் பிடித்ததைச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். கதை முடிகிற நேரத்தில், "மாமா, அந்தக் கொம்பியூட்டரை ஏன் இன்னும் போட்டு வைச்சிருக்கிறியள்? அது முடிஞ்சு கன நாள்தானே" என்றாள்.

"ஆர் பிள்ளை சொன்னது?"

"இவர்தான். முடிஞ்ச அண்டைக்கே இவருக்குத் தெரியும் மாமா. முடிஞ்சால் அது நெட்டால தானாய் இஞ்ச அறிவிக்கும். அண்டைக்கு நல்லாய்க் கவலைப்பட்டவர். அப்பா ஆசையாய்ப் பாத்துக்கொண்டு இருக்கிறார், எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை எண்டவர். பிறகு நீங்கள் இன்னும் ஓடுது எண்டு சொன்னீங்களாம். அதோட இவரும் பேசாமல் விட்டிட்டார்."

"மாமா, லைனில நிக்கிறியளோ?" என்று கேட்டாள். நிற்கிறேன் பிள்ளை என்றேன். அவளை நீ ஏசாதே. அவளுக்கு இது ஒளிக்க வேண்டிய விசயம் என்று தோன்றவே இல்லை. ஒளிக்காமல் கதைக்கிற ஒரு ஆள் உன் வீட்டில் இருப்பது உன் அதிர்ஷ்டம். ஆனால் வீட்டில் ஒருவர் கதைக்கிறார் என்பதற்காக மற்றவர் ஊமையாக இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. நான் அப்படி இருந்தவன். அம்மா போனபோது என் வாயையும் கொண்டு போய்விட்டா.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. இவன் எல்லாம் தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வீதம் கேட்டானே, என்னை வைத்து விளையாடினானா என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டேன். வரம்பில் இருந்து யோசிக்க யோசிக்கத்தான் நீ அங்கே போனைப் பிடித்தபடி எப்படி இருந்திருப்பாய் என்பது தெரிந்தது. உனக்கும் கேட்க வேறு ஒன்றும் தெரியவில்லை. அது போனால் அப்பாவிடம் என்ன கதைப்பது என்ற பயம் உனக்கும் இருந்திருக்கிறது. முடிந்துபோன ஒரு கணக்கை நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டு, அது இன்னும் ஓடுகிறது என்று ஒருவரையொருவர் நம்ப வைத்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி. யாரும் இல்லாத வயல்தானே என்று கொஞ்ச நேரம் அழுதேன்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. நீ என் பிள்ளை, வாய் என்னுடைய வாய்தான். ஆனால் ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன், போனில் கேட்டால் ஒருநாளும் சொல்லமாட்டேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. இருக்கிறேன், நல்லாய் இருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். ஒரு கறிதான் வைக்கிறேன், அதையும் மறுநாள் நாய்க்கு வைக்கிறேன். பின்னேரம் விளக்கைப் போட்டால் வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது, அதனால் சில நாள் போடுவதில்லை. பூமணி கூப்பிட்டு ஏதாவது கேட்டால், பதில் சொல்ல முன்னர் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு எண்ணுக்காக ஒரு கிழமை முழுக்கக் கேள்வி யோசித்தேன் என்று சொன்னேனே, அந்த எண் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நீ கதைக்க வேண்டும், அதைத்தான் நான் தேடினேன்.

முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை என்று நீ ஒருநாள் சொன்னாய். இதுவரை தெரிந்த எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கூட்டிவிட்டால், கையில் இருக்கிற எதுவும் அதை வகுக்காது, அதனால் தெரியாத புதியது ஒன்று கட்டாயம் எங்கேயோ இருக்கும் என்று விளங்கப்படுத்தினாய். எனக்கு அது பாதி விளங்கியது. உன்னிடம் எண்ணுக்குப் பஞ்சம் வராது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அதனால்தான் கணினியை நிறுத்தினேன். நீ நாளைக்கே இன்னொன்றை அனுப்பிவிடுவாய். நான் சந்தோசமாக வீதம் சொல்லத் தொடங்கிவிடுவேன். இன்னும் ஒரு வருடம் போய்விடும், அதற்குப் பிறகு இன்னொன்று. எனக்கு வயது போகிறது. தயவு செய்து அனுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் எடு. நான் இந்தக் கடிதத்தில் எழுதியதைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும் கூச்சமாக இருக்கும். திவசத்துக்கு உனக்கு லீவு இல்லை என்று ஆரணி சொன்னாள். அது எனக்கு விளங்குகிறது, திவசத்தை நான் பார்த்துக்கொள்வேன். அம்மா ஒவ்வொரு முறையும் போனை வைக்க முன்னர் உன்னிடம் ஒன்று கேட்பா. அவா கேட்பது எனக்கு விறாந்தையில் கேட்கும். பிள்ளையை ஏன் கரைச்சல் படுத்துகிறாய் என்று பிறகு அவாவை ஏசுவேன். அவாதான் கேட்கிறாவே என்ற தைரியத்தில் நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவா போன பிறகு உன்னிடம் அதைக் கேட்க ஆளில்லை. இந்த முறை நான் கேட்பேன். திடீரென்று கேட்டால் உனக்கும் பதில் வராது, ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன், ஆரணியோடும் கதைத்து யோசித்து வை.

எப்ப வாறாய்?

அப்பா